பிணத்துக்கு வேர்த்தது

சினிமாவுல எனக்குப் பேரே பிணம்தான். "பிணம் வந்தாச்சா? பிணத்துக்கு டீ குடுத்தீங்களா?" இப்படித்தான் விசாரிப்பாங்க. கோவம் வராதான்னு கேட்டா, வரும். ஆனா துப்பறியும் படம் எடுக்கற அத்தனை பேரும் என்னைத்தான் தேடி வந்தாங்க. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே இமைக்காம கிடப்பேன். மூச்சு விடறது வெளியில தெரியாது. மூக்கு மேல ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டேன். முடிஞ்சா வேற எவளாவது செஞ்சு காட்டட்டும்.

எங்கம்மா என் படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை. "பெத்த வயித்துக்கு அந்தத் தெம்பு இல்லடி. என்னிக்காவது உயிரோட நடிச்சா சொல்லு, வரேன்"னு கறாரா சொல்லிட்டா. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துட்டு வந்து "உங்க பொண்ணு என்னமா செத்தா"ன்னு சொன்னா, அன்னிக்கு அம்மா சாப்பிட மாட்டா. அதுலேர்ந்தே எனக்கு ஒரு வெறி. ஒரே ஒரு படத்துலயாவது கடைசி வரைக்கும் சாகாம நிக்கணும். அம்மாவைக் கூட்டிட்டுப் போய் காட்டணும்.

அந்தச் சமயத்துல வந்ததும் துப்பறியும் படம்தான். கறுப்பு வெள்ளை. கதையில எப்பவும் ராத்திரி, எடுத்ததெல்லாம் பகல்ல. ஏன்னா எங்களுக்குக் கிடைச்ச குடோனுக்கு சாயங்காலம் ஆனா மூட்டை இறக்க லாரி வந்துடும். தகரக் கூரை. ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால அடைச்சு நட்ட நடுப்பகலை ராத்திரியாக்குவாங்க. மேலே வெயில், முன்னாடி லைட்டு, நடுவுல நாங்க வெந்துக்கிட்டு இருப்போம். சி.ஐ.டி.யா நடிச்ச ஹீரோவுக்குக் கழுத்து வரைக்கும் கோட்டு, தலையில தொப்பி. இந்த வெயில்ல எவன் கோட்டு போடுவான்னு கேட்டேன். "கோட்டு இல்லாம எப்படிம்மா துப்பறியறது?"ன்னார் டைரக்டர். ஷாட் முடிஞ்சதும் ஹீரோ கோட்டைக் கழட்டிப் பிழிவார். பொய் சொல்லலை, பிழிவார்.

கேமராமேனுக்கு ஒரு ஆசை. விசிறியோட நிழல் சுவத்துலயும் முகத்துலயும் மெதுவா சுத்தணும். ஆனா விசிறி ஓடினா லைட்டு மங்கிடும். அதனால மேக்கப்காரர் ஏணி மேல ஏறி நின்னு விசிறியைக் கையால சுத்துவார். வேர்வை துடைக்க வேண்டிய ஆளு ஏணி மேல நின்னா கீழே என்ன ஆகும்? ஒருத்தருக்கும் அது தோணலை.

கதை இதுதான். வைர வியாபாரியோட மனைவி ஹோட்டல் ரூம்ல செத்துக் கிடக்கறா, வைரத்தைக் காணோம். கொன்னது யாருன்னு டைரக்டருக்கே தெரியாது. "எடுக்க எடுக்க வரும்"னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டே இருந்தார். அந்த மனைவி நான்தான்னு தனியா வேற சொல்லணுமா?

எடுத்ததை லேப்ல போட்டுப் பார்க்கறோம். திரையில நான் கிடக்கறேன். கண்ணு நிலைகுத்திக் கிடக்கு. விசிறி நிழல் முகத்து மேல போகுது, வருது. எனக்கே பயமாயிருந்துச்சு. கேமரா கிட்டக்க வந்து கழுத்துல நிக்குது. அப்போ காதோரத்துலேர்ந்து ஒரு சொட்டு வேர்வை கிளம்பிச்சு. நின்னு நிதானமா கழுத்து வழியா இறங்கி, போட்டிருந்த முத்து மாலையைத் தாண்டிப் போச்சு.

டைரக்டர் எழுந்து நின்னுட்டார். "ஏம்மா, ஒரு பிணமா கிடக்கக்கூட உனக்குத் தெரியலையா?"

"மூச்சை அடக்கலாம் சார். வேர்வையை எப்படி அடக்கறது?"

"ரூம் செட்டைப் பிரிச்சாச்சு. இருக்கற பிலிம் கடைசி சீனுக்கே காணாது. நாசமாப் போச்சு. நீ கிளம்பும்மா, இனிமே என் படத்துப் பக்கமே வராதே."

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. எத்தனை படத்துல எத்தனை பேர் கத்தியையும் விஷத்தையும் வாங்கிட்டுத் தரையில கிடந்திருப்பேன்? ஒரு சொட்டுக்காக இந்தப் பேச்சா? வாயில வந்ததைச் சொன்னேன். "பிணத்துக்கு வேர்க்காது சார். எனக்கு வேர்த்திருக்கு. அப்போ அவ சாகலை. அவ்வளவுதானே?"

கேமராமேன் சிகரெட்டை வாயிலேர்ந்து எடுத்தார். "இன்னொரு தடவை சொல்லும்மா."

"வைரத்தைச் சுருட்டினது அவதான். செத்த மாதிரி படுத்து புருஷனையும் போலீஸையும் ஏமாத்திட்டா. அந்த வேர்வையை சி.ஐ.டி. கவனிச்சுட்டார்."

"டாக்டர் பார்க்க மாட்டாரா?"ன்னார் டைரக்டர். குரல் இறங்கியிருந்துச்சு.

"டாக்டரும் உடந்தை."

"டாக்டருக்கு ஆளு?"

"அவரைக் காட்டவே வேண்டாம் சார்."

டைரக்டர் உட்கார்ந்தார். கொலைகாரனா நடிக்க ஆளைத் தேடி அலைஞ்சுக்கிட்டு இருந்த மனுஷன். பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சு அவருக்கு. "சரி, நீதான் பண்றே. கடைசியில சி.ஐ.டி. சுடறார், நீ விழறே."

"நான் விழ மாட்டேன்."

"கெட்டவ சாகணும்மா. இல்லன்னா ஜனம் ஒத்துக்காது."

"ஜனம் ஒத்துக்கும் சார். நான் செத்தா எங்கம்மா ஒத்துக்க மாட்டா. விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போங்க. சாக மட்டும் மாட்டேன்."

ரொம்ப நேரம் மல்லுக்கு நின்னோம். கடைசியில "சரி தாயே, ஆளை விடு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசி சீன் எடுக்கற அன்னிக்கு ஒரு தடவை எடுக்கத்தான் பிலிம் இருந்துச்சு. நான் கதவைத் திறந்துட்டு வரணும், ஹீரோ துப்பாக்கியை நீட்டணும், நான் கையை நீட்டணும். ஷாட்டுக்கு முன்னாடி டைரக்டர் ஹீரோவை ஓரமா தள்ளிட்டுப் போய்க் காதுல என்னவோ ஓதினார். ஹீரோ என்னைப் பார்த்தார், சட்டுன்னு தொப்பியைச் சரி பண்ற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டார். ஓஹோன்னு நினைச்சுக்கிட்டேன்.

கேமரா ஓடிச்சு. ஏணி மேலேர்ந்து விசிறி சுத்துச்சு. ஹீரோ சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் கதவைத் திறந்து வந்து நின்னேன். ஹீரோ துப்பாக்கியை நீட்டினார், டப்புன்னு சுட்டுட்டார்.

பழக்கம்னா பழக்கம். சத்தம் கேட்டதும் முழங்கால் தானா மடங்கிச்சு. இத்தனை வருஷமா விழுந்த உடம்பு வேற என்ன செய்யும்? இவ விழுந்துடுவாங்கற தைரியத்துலதானே டைரக்டர் இந்த வேலையைப் பண்ணினார். மடங்கின காலை அப்படியே ஊனி நின்னேன். ஹீரோவை இமைக்காம பார்த்தேன். விசிறி நிழல் என் முகத்து மேல போய் வந்துச்சு. டைரக்டருக்கு வாய் பிளந்து கிடக்கு. நான் ரெண்டு கையையும் விலங்குக்கு நீட்டினேன்.

"குறி தப்பிடுச்சு, சி.ஐ.டி. சார்."

பிலிம் தீர்ந்து போச்சு.

டைரக்டர் குதிகுதின்னு குதிச்சார். கேமராமேன் நெத்தியைத் துடைச்சுக்கிட்டு, "சார், இதை விட நல்ல முடிவு உங்களுக்கும் வராது, எனக்கும் வராது"ன்னார். வேற வழியும் இல்லை.

படம் வந்த அன்னிக்குப் பகல் ஆட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். "உயிரோடதானே?"ன்னு வழி நெடுக நச்சரிச்சா. விளக்கை அணைச்சு, படம் ஆரம்பிச்சு, முதல் சீன்லயே நான் பிணம். அம்மா விருட்டுன்னு எழுந்தா. "என்கிட்டயே பொய் சொல்லிட்டியேடி."

"உட்காரும்மா. என் மேல ஆணை, உட்காரு."

உட்கார்ந்தா. ஆனா ரெண்டு கையாலயும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கிட்டா. திரையில அந்தச் சொட்டு இறங்குது. முன் பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் கத்தினான். "டேய், பிணத்துக்கு வேர்க்குதுடா." தியேட்டரே கொல்லுன்னு சிரிச்சுது. டைரக்டர் எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன்.

கடைசி சீன் வந்துச்சு. கோட்டுக்காரர் பூட்டின கதவைப் பார்த்துச் சொல்றார். "செத்தவங்களுக்கு வேர்க்காது, அம்மணி. வெளியே வாங்க." உடனே அதே முன் பெஞ்சுக்காரன், "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு அலறினான். விசில் பறந்துச்சு. கதவு திறக்குது. நான் நிக்கறேன்.

அம்மாவோட கையைப் பிடிச்சு இறக்கினேன். பார்த்தா. டப்புன்னு சத்தம் வந்ததும் என் தொடையில அவ நகம் இறங்கிச்சு. திரையில நான் விழலை. நின்னேன். "குறி தப்பிடுச்சு"ன்னு நான் சொன்னதுக்கப்புறம் வேற எதுவும் யார் காதுலயும் விழலை. சீட்டு மேல ஏறி நின்னு கை தட்டினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிச்சு. சந்தோஷம்தான், வேற என்ன.

வாசல்ல டைரக்டர் மாலையும் கழுத்துமா நின்னு, "அந்த வேர்வையை வேணும்னேதான் வெச்சேன்"னு எல்லாருக்கும் விளக்கிக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் அசடு வழிஞ்சார். போனா போகட்டும்னு விட்டுட்டேன்.

பக்கத்துல வந்த ஒரு அம்மா, "நல்லவேளை, தப்பிச்சுட்டா"ன்னாங்க. எங்கம்மா திரும்பினா. "அவ எங்கே சாவா. என் பொண்ணு."

வெயில்ல கொஞ்ச தூரம் நடந்திருப்போம், அம்மா நின்னுட்டா.

"என்னம்மா, மயக்கமா?"

"அதெல்லாம் இல்லை. நீ செத்துக் கிடந்தியே, அப்போ கண்ணைப் பொத்திட்டேன். நல்லாப் பண்ணியிருந்தியா?"

"பண்ணியிருந்தேன்மா."

"அப்போ திரும்பு. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடு."