ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள்

என் தங்கை ஆர்லீன் பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு போட்டோ அனுப்புகிறாள். இரும்பு வாணலியில் ஒரு முட்டை. கூட ஒரு வார்த்தைகூட இருக்காது. மற்றவர்களுக்கு அது முட்டை. எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்த வாணலி, எங்கள் ஊர் டார்ன்ஹில்லுக்கும் பக்கத்து ஊர் ப்ராஸ்பருக்கும் வருடா வருடம் நடக்கும் கர்லிங் போட்டியின் பரிசு. கோப்பை வாங்க வக்கில்லாத காலத்தில் யாரோ அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. பதினொரு வருடமாக ஜெயிப்பது ப்ராஸ்பர்தான். ப்ராஸ்பரில் வாழ்க்கைப்பட்டுப் போன ஆர்லீன் அந்த ஊர் அணிக்குத் தலைவி. எங்கள் ஊர் அணிக்கு நான். ஐஸ் மேல் கல்லை வழுக்கிவிட்டு, அது போகும் வழியைத் துடைப்பத்தால் தேய்த்து, எதிர்முனை வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் விளையாட்டில் இவ்வளவு வன்மம் இருக்கும் என்று வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு அக்கா தங்கை கிடையாது போலிருக்கிறது.

இந்த வருடம் எப்படியும் வாணலியைக் கொண்டுவந்துவிடுவது என்று இருந்தேன். போட்டியன்று காலையில் எங்கள் அணியின் க்ளிஃப் காலை உடைத்துக்கொண்டான். நாற்பது வருடம் ஐஸ் மேல் நடந்து ஒரு தடவைகூட விழாதவன், தன் வீட்டுச் சமையலறையில் பூனைக்குப் பால் வைக்கும் தட்டை மிதித்து விழுந்தான். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாலு பேர் இல்லாமல் இறங்கினால் தோற்றதாகக் கணக்கு. மிச்சம் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவரின் தம்பி மெர்வ், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சிக்ரூன். ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று விரலை மடக்கிப் பார்த்தேன். முட்டி மாற்றியவர்கள், இடுப்பு மாற்றியவர்கள், ஆளே மாறி அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டவர்கள்.

அப்போதுதான் மெர்வ் ஓடி வந்து, சார்ஜரில் ஒரு கார் நிற்கிறது என்றான்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் ஒருவரிடமும் மின்சாரக் கார் இல்லை. ஏதோ மானியம் வந்தது என்று கர்லிங் கொட்டகைச் சுவரில் ஒரு சார்ஜரை மாட்டினார்கள், ஊரில் அங்கேதான் மின்சாரம் கொஞ்சம் பலமாக இருந்தது. அன்றிலிருந்து மெர்வ் தன் கோட்டை அதில்தான் மாட்டுகிறான்.

காரிலிருந்து இறங்கியவன் பெயர் ட்ரிஸ்டன் யுவென். வான்கூவர்க்காரன், முப்பது வயதிருக்கும், வெள்ளை நிற ஷூ. மார்ச் கடைசியில், பனி உருகிச் சேறாகிக் கிடக்கும் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்துக்கு வெள்ளை நிற ஷூ. மறுநாள் மத்தியானம் வின்னிபெக்கில் ஒரு கூட்டத்தில் பேசப் போய்க்கொண்டிருந்தான். தலைப்பு, மின்சாரக் காரில் மேற்குக் கனடா முழுக்கக் கவலையில்லாத பயணம். எதிர்க்காற்று பேட்டரியை உறிஞ்சிவிட்டது, மூன்று சதவீதத்தில் எங்கள் ஊர் பச்சைப் புள்ளியாக போனில் தெரிந்தது, நெடுஞ்சாலையிலிருந்து திரும்பிவிட்டேன் என்றான். ஓடைப் பாலத்தில் தண்ணீர் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது என்றும் சொன்னான். வருடா வருடம் தொடுவதுதானே என்று நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

மெர்வ் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். ஐஸை உறைய வைக்கும் மோட்டாரும் சார்ஜரும் ஒரே லைனில் இருக்கின்றன. ஒன்று ஓடினால் மற்றொன்று ஓடாது. வெளியே வெயில் அடிக்கிறது, மோட்டாரை நிறுத்தினால் ஐஸ் குளமாகிவிடும். போட்டி முடிந்த பிறகுதான் காருக்கு மின்சாரம்.

அந்தப் பையனின் முகம் தொங்கிப்போனது. என் முகம் மலர்ந்தது. ஏனென்றால் எங்கள் கொட்டகைச் சுவரில், ரயிலும் குதிரை வண்டியும் பனியில் மாட்டிக்கொண்ட காலத்திலேயே எழுதிவைத்த ஒரு விதி இருக்கிறது. 'அன்று ஊரைவிட்டுப் போக முடியாதவர் எவரோ, அவர் இந்த ஊர்க்காரர்.' ஆள் பற்றாதபோது, மாட்டிக்கொண்ட பிரயாணிகளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டு எழுதியது.

"தம்பி, உனக்கு வழுக்காம நிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க."

"பரவால்ல. விழுந்தா எழுந்திரிக்கத் தெரியுமில்ல, அது போதும்."

அதற்குள் ப்ராஸ்பர் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஆர்லீன் வாணலியைக் கையில் கைப்பை மாதிரி மாட்டிக்கொண்டு வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவனிடம் தேனொழுகப் பேசினாள். நீ ஆடாவிட்டால் போட்டி இப்போதே முடிந்தது, மோட்டாரை நிறுத்திவிடலாம், உன் கார் உடனே சார்ஜ் ஆகும், இந்தப் பொம்பளை அதை மட்டும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்றாள்.

சொல்லவில்லைதான். சொல்லும் உத்தேசமும் எனக்கு இல்லை.

ட்ரிஸ்டன் தன் வெள்ளை ஷூவைப் பார்த்தான். பிறகு, "ஸ்கூல்ல டீம் பிரிக்கிறப்போ என்னைக் கடைசியா, வேற வழியில்லாமதான் எடுப்பாங்க. இவங்க என்னை முதல்லயே கூப்பிட்டாங்க. நான் ஆடுறேன்" என்றான்.

வேறு வழியில்லாமல்தான் நானும் எடுத்தேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

அவனுடைய முதல் கல் பக்கத்துத் தடத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது கல்லை விட மறந்து அதோடு தானும் போனான். ஆனால் துடைப்பத்தை எடுத்தால் பேய் பிடித்தவன் போலத் தேய்த்தான். நான் "தேய்" என்றால் தேய்ப்பான், "நிறுத்து" என்றாலும் தேய்ப்பான். பாதி ஆட்டத்தில் நாங்கள் ப்ராஸ்பருக்குச் சமமாக இருந்தோம். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஆர்லீன் நகத்தைக் கடித்தாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

இடைவேளையில் எல்லோரும் ஆப்பிள் பை தின்றோம். ஆர்லீன் மட்டும் கால் மரத்துவிட்டது என்று வெளியே ஒரு நடை போய் வந்தாள்.

மறுபடி ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கல் எதுவும் வட்டத்தை எட்டவில்லை. யார் விட்டாலும் நடு வழியிலேயே படுத்துக்கொண்டது. என் காலடியில் ஐஸ் வியர்த்திருந்தது. சிக்ரூன்தான் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். பஸ்ஸின் ஒவ்வொரு முனகலையும் கேட்டுப் பழகிய காது அவளுடையது.

"சத்தமே இல்ல. மோட்டார் நின்னுபோச்சு."

மெர்வ் வெளியே ஓடினான். காரின் மூக்கில் சார்ஜர் செருகியிருந்தது, விளக்குப் பச்சையாக எரிந்தது. மெர்வின் கோட்டு மட்டும் மரியாதையாக மடித்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. எங்கள் அம்மா வீட்டில் கோட்டை அப்படி மடிக்கிற ஆள் ஒருத்திதான்.

ஆர்லீன் மழுப்பவெல்லாம் இல்லை. சுவரிலிருந்த விதியைக் கைகாட்டினாள். இப்போது காரில் பதினாறு சதவீதம் இருக்கிறது, அடுத்த சார்ஜருக்குப் போகப் பத்து போதும், ஆகவே இவன் ஊரைவிட்டுப் போகலாம், ஆகவே இவன் டார்ன்ஹில்காரன் இல்லை, ஆகவே நீங்கள் மூன்று பேர். சொல்லிவிட்டு வாணலியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீயெல்லாம் ஒரு தங்கச்சியாடி?"

"விதியைப் படி, அக்கா. கண்ணாடி வேணுமா?"

நான் துடைப்பத்தை ஓங்கியது உண்மை. மெர்வ் பிடித்துக்கொண்டான். விதி அவள் பக்கம்தான் இருந்தது.  வாணலி இன்னொரு வருடம் போகிறது, அடுத்த வருடம் ஆடுவதற்கு நாங்கள் மூன்று பேராவது இருப்போமா என்பதுகூட நிச்சயமில்லை.

ட்ரிஸ்டன்தான் பேசினான். "பதினாறைப் பத்துக்குக் கீழ கொண்டுவந்துட்டா நான் ஊர்க்காரன்தானே?"

ஆர்லீன் சுவரை இன்னொரு தடவை படித்தாள். விதிப்படி அதுவும் சரிதான்.

பேட்டரியில் ஒவ்வொரு சொட்டையும் சேமிப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன் அதற்கப்புறம் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஹீட்டரை முழுசாகத் திருப்பி, எல்லா ஜன்னல்களையும் இறக்கினான். இருக்கைச் சூடு, ஸ்டியரிங் சூடு, ரேடியோ, முன்விளக்கு, எல்லாம் போட்டான். காரின் பின்பக்கம் ஒரு பிளக் இருந்தது. கொட்டகைச் சமையலறையின் காபிப் பாத்திரத்தை அதில் சொருகி, சிக்ரூன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கனம் கூடட்டும் என்று மெர்வ் இரண்டு கர்லிங் கல்லைத் தூக்கிப் போட்டுத் தானும் ஏறினான். சதவீதத்தைப் பார்க்க நடுநிலையான ஆள் வேண்டும் என்றதும் ஆர்லீன் முன் இருக்கையில் ஏறினாள். அவள் எதையாவது அமுக்கிவிடுவாள் என்று நானும் அவளோடு நெருக்கி உட்கார்ந்தேன்.

தானியக் கிடங்கைச் சுற்றினோம். தபால் ஆபீசைச் சுற்றினோம். சேற்றில் வேண்டுமென்றே இறங்கி ஏறினோம். ஊர் மொத்தமும் வாசலில் நின்று பார்த்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் சிக்ரூன் ஜன்னல் வழியாகக் காபி கொடுத்தாள். இருக்கைச் சூட்டில் ஆர்லீனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"பின்னாடி வேகுதுக்கா. கொஞ்சம் தள்ளி உக்காரேன்."

"வேகட்டும். முட்டை மட்டும்தான் வேகணுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து மூக்கால் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும். ஒரே சீட்டில் அவளோடு கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. அது பிடிக்கவில்லை எனக்கு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரையில் ஒன்பது வந்ததும் காருக்குள் எல்லோரும் கைதட்டினோம். ஆர்லீனும் தட்டிவிட்டுச் சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடர்ந்தது. ட்ரிஸ்டனின் கடைசிக் கல் தெய்வாதீனமாக வட்டத்துக்குள் போய் நின்றது. அவன் அழுதே விட்டான். கடைசியில் இரண்டு ஊரும் சமம், என் கையில் ஒரே ஒரு கல். நடுவுக்கு நெருக்கமாக நிற்கும் கல்லுக்குத்தான் புள்ளி; ஆர்லீனின் கல் நடுவை ஒட்டி நிற்கிறது, அதைவிட நெருக்கமாக என் கல்லை நிறுத்தினால் வாணலி எங்களுக்கு. ஐஸ் இளகிக் கிடக்கிறது, பலமாகத் தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன்.

நாங்கள் ஊர் சுற்றிய நேரம் பூராவும் மோட்டார் ஓடியிருக்கிறது. ஐஸ் கண்ணாடியாக உறைந்திருந்தது. கல் வட்டத்துக்குள் நுழைந்து, மரியாதைக்குக்கூட நிற்காமல், ஆர்லீனின் கல்லை அங்கேயே விட்டுவிட்டு, பின்சுவரில் போய் முட்டியது.

 ஒரு பையன் எனக்காகத் தன் காரையே காலி செய்திருக்கிறான், நான் ஒரு கல்லை நிறுத்தவில்லை. வெட்கத்தில் அங்கேயே ஐஸுக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. ஆர்லீன் வாணலியை எடுத்தாள், ஆனால் ஆட்டிக் காட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ரோடு சமப்படுத்தும் வண்டி ஓட்டும் வென்டல் முழங்கால் வரை நனைந்து உள்ளே வந்தான். ஓடைப் பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, தடுப்பு வைத்துவிட்டேன், நாளைக்கு வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது என்றான். எங்கள் ஊருக்கு இருப்பது அந்த ஒரு ரோடுதான். ப்ராஸ்பருக்கும் அதுதான், நெடுஞ்சாலைக்கும் அதுதான்.

"எப்போ வெச்சே தடுப்பு?" என்று சிக்ரூன் கேட்டாள்.

"அப்பவே வெச்சிட்டேன். வெச்சிட்டு ஊருக்குள்ள திரும்பி வந்தப்போதான் நீங்கெல்லாம் ஒரு காருக்குள்ள காபி குடிச்சிட்டு தபால் ஆபீஸைச் சுத்திட்டிருந்தீங்க. கை காட்டினேன், நீங்க பதிலுக்குக் கை தட்டினீங்க."

ட்ரிஸ்டன் மெதுவாக, அப்படியானால் பதினாறு சதவீதம் இருந்தபோதே என்னால் போயிருக்க முடியாதா என்று கேட்டான். போயிருக்க முடியாதுதான். வீணாகத்தான் ஒரு பேட்டரியைக் காலி செய்திருந்தோம். மெர்வ் அவன் தோளில் கையை வைத்து, காபி நன்றாக இருந்தது என்றான்.

நான் அதைக் கவனிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலைக்குள் ஏதோ மெதுவாகச் சுழன்று வந்து நடுவில் நின்றது.

"ஆர்லீன், இன்னிக்கு நீ வீட்டுக்குப் போக முடியுமாடி?"

"எப்படிப் போறது? பாலம்தான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கண்ணும் சுவருக்குப் போனது.

"விதியைப் படி. கண்ணாடி வேணுமா?"

ப்ராஸ்பர் அணியின் நாலு பேரும் கடைசிக் கல்லுக்கு முன்பே டார்ன்ஹில்காரர்கள். டார்ன்ஹில் டார்ன்ஹில்லைத் தோற்கடித்திருக்கிறது. ப்ராஸ்பர் அணியில் அன்று ஆட ஒரு ஆள்கூட இல்லை, ஆகவே அது தோற்றதாகக் கணக்கு. ஆர்லீன் விரலை மடக்கி இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு வந்து வாணலியை என் கையில் கொடுத்தாள்.

"நான்தானே ஜெயிச்சேன்?"

"நீதான்டி ஜெயிச்ச. நம்ம ஊருக்கு."

சாயங்காலம் மோட்டாரை நிறுத்திச் சார்ஜரைப் போட்டோம், ஐஸ் நிம்மதியாக உருகியது. ட்ரிஸ்டன் மறுநாள் மத்தியானம் கொட்டகைச் சமையலறையிலிருந்தே போனில் தன் பேச்சைப் பேசினான். மின்சாரக் காரில் போகிறவர் எங்கே மாட்டிக்கொண்டாலும் கவலைப்பட ஒன்றுமில்லை, மாட்டிக்கொண்டால் போதும், ஊர்க்காரர் ஆகிவிடலாம் என்று சொன்னான். வின்னிபெக்கில் அது யாருக்கும் புரிந்திருக்காது.

ஆர்லீன் போட்டியன்று ராத்திரி எங்கள் வீட்டில் படுத்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கமான நேரத்துக்குப் போனை எடுத்துப் பார்த்தேன். போட்டோ வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு அவளே வந்தாள், கையில் வாணலி, வாணலியில் முட்டை. மஞ்சள் கரு உடைந்திருந்தது. நான் வாணலியை வழித்துச் சாப்பிட்டேன்.