ஆறாத அரை டீ

ஒரு மனிதனை உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்க நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தின் விலை ஒன்பது வருஷச் சம்பளம், வட்டி தனி. அந்த ஒன்பது வருஷமும் தானியக் கிடங்கின் எடைமேஜை மேலிருந்த அரை கிளாஸ் டீ ஆறவேயில்லை.

டீ எடைக்காரருடையது. பாதி குடித்திருந்தபோது மேலாளர் வந்து கடிதத்தை நீட்டினார். எந்த வெயிலிலும் சட்டைக் கையை மடிக்காததால் அவருக்கு முழுக்கை என்று பெயர். கணக்கில் முப்பத்தாறு மூட்டை குறைகிறது. விசாரணை முடியும்வரை எடைக்காரர் வேலைக்கு வரக் கூடாது. மேஜையில் உள்ள எதையும் யாரும் தொடக் கூடாது. “சார், சாக்கு மாறினதுல இருந்து...” என்று எடைக்காரர் ஆரம்பித்தார். “எல்லாத்தையும் விசாரணையில சொல்லிக்குங்க” என்றார் முழுக்கை. பதினெட்டு வருஷம் எடை போட்ட கை கிளாஸைக் கீழே வைத்தது.

விசாரணை வரவில்லை. ஏழாம் மாதம் பதிவுத் தபாலில் டிஸ்மிஸ் வந்தது, ஒன்றரை வரி. சொத்தைக் கத்திரிக்காயைத் திருப்பிக் கொடுப்பவர்கூட எங்கே சொத்தை என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். கிடங்கில் முதல் வாரம் கிளாஸில் ஆவி பறப்பதைப் பார்த்துப் பயந்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து ஒட்டிய உறைகளை அதன்மேல் காட்டிப் பிரித்தார்கள். குளிர் நாட்களில் விரலைக் காட்டிக் குளிர்காய்ந்தார்கள். கிளாஸைத் தொடவில்லை, உத்தரவு உத்தரவுதானே.

தெருவில் எடைக்காரருக்கு ‘முப்பத்தாறு’ என்று பெயர் விழுந்தது. மனைவியின் தையல் மெஷின்தான் அடுப்பை எரித்தது. “விட்டுத் தொலைங்களேன், ஊர்ல வேற தராசே இல்லையா?” என்று அவள் கேட்டாள். “திருடன்னு எழுதி வச்ச ஆளு கையில எவன்டி தராசைக் குடுப்பான்?” என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, மூக்குக்கண்ணாடியை மட்டும் மூன்று முறை மாற்றினாள். எடைக்காரர் போட்ட வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நகர்ந்தது. அவர் மீசை நரைத்தது, ஒன்பதாம் வருஷக் கடைசியில் ஓய்வு வயது வந்து, கேட்காமலே கடந்து போனது.

அடுத்த வாரமே கிளாஸைத் துணி சுற்றிச் சாட்சிப் பொருளாகக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நீதிபதி தொட்டுப் பார்த்து விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். “விசாரணை என்னைக்கு நடந்துச்சு?” என்று கேட்டார். “கணக்கே பேசிடுச்சுங்கம்மா” என்றார் கம்பெனி வக்கீல். “கணக்கு பேசினது சரி. இவரைப் பேசவிட்டீங்களா?” முழுக்கை தன் சட்டைக்கைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடைக்காரர் எழுந்து பேசினார். தானியம் லாரியில் உதிரியாக வரும், கிடங்கில் மூட்டை கட்டி வெளியே போகும். போகும்போது சாக்கு எடை என்று மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பது வழக்கம். அது சணல் சாக்குக்குச் சரி. அந்த வருஷம் வந்தது பிளாஸ்டிக் சாக்கு, எடை நூறே கிராம். ஆபீஸில் பழைய பழக்கத்தில் ஒரு கிலோவே கழித்தார்கள். மூட்டைக்குத் தொள்ளாயிரம் கிராம் வீதம், வெளியே போனதைக் குறைத்து எழுதினார்கள். இரண்டாயிரம் மூட்டைக்கு ஆயிரத்தெண்ணூறு கிலோ ஏட்டில் மட்டும் மிச்சம், கிடங்கில் இல்லை. ஐம்பது கிலோ மூட்டையில் முப்பத்தாறு. தானியம் எங்கேயும் போகவில்லை, வாங்கினவன் வீட்டுக்குத்தான் போனது.

பேசி முடித்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. கேட்காமல் நீக்கியது செல்லாது என்று நீதிபதி எழுதினார். எடைக்காரர் மீதி டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார்.

சம்பளம் வட்டியோடு மூன்று தவணையில் வந்து சேர்ந்தது. முப்பத்தாறு மூட்டையும் கணக்கிலிருந்து அடிக்கப்பட்டது. டீக்கடைக்காரரின் நோட்டில் மட்டும் ‘டீ ஒன்று’ என்று ஒரு வரி அப்படியே நிற்கிறது. “வேலை நேரத்துல குடிச்சது, அது கம்பெனி கணக்கு” என்கிறார் எடைக்காரர். “பாதியைக் கோர்ட்லதானே குடிச்சீங்கண்ணே!” என்கிறார் டீக்கடைக்காரர். கம்பெனி, விசாரணை நடத்திவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது. பாக்கி: டீ ஒன்று.