ஒரு தேக்கரண்டி ரோஷம்

ரங்கசாமியிடம் யாராவது "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லிவிட்டால் போதும், மனிதர் கொஞ்சம் நகரமாட்டார், ஊரைவிட்டே போய்விடுவார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அலோர் காஜாவில் அவருடைய மச்சினன் புவனேஸ்வரன் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று அதுதான் நடந்தது. யாரோ டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் வருகிறார் என்று புவனேஸ்வரன் வாசலுக்கு ஓடிவந்து, "மாமா, காரை எடுத்து அந்தாண்ட போட்டுருங்க லா" என்றான். மாமா காரை எடுத்தார். அந்தாண்ட போடவில்லை. நேரே புக்கிட் பெருவாங்கில் தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, கைலி மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார். தம்பி வீட்டுக் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மங்களத்துக்குப் பந்தி முடிந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. ஒரு வாளி வடையை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் தனியாக வீடு வந்து சேர்ந்தாள்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. மங்களத்துக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரே தம்பிதான். அவனோடு போனில் பேசவேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவாள். "இவ்வளவு நேரம் என்ன குளிக்கிற?" என்று ரங்கசாமி வெளியிலிருந்து கேட்பார். ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிற சுத்தக்காரி என்று தாமான் குடியிருப்பு முழுக்க அவளுக்குப் பேர் வேறு வந்துவிட்டது.

அப்படிக் குளித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் தம்பி அந்தச் செய்தியைச் சொன்னான். அவன் மகள் வாணிக்குக் கல்யாணம்.

"அக்கா, நீயும் மாமாவும் ஜோடியா வந்து நின்னு அட்சதை போடணும். நீ மட்டும் தனியா வந்தா ஊரு சிரிக்கும். அதுக்கு வராமலே இருந்துடு" என்றான்.

வாணியைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவள் மங்களம். அந்தக் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்தியது சாத்தியதுதான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், ரங்கசாமி நாலாவது கவளத்தில் இருக்கும்போது, மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, தம்பி மகளுக்கு…"

"அவன் வாசப்படிய நான் மிதிக்கணுமா? நான் சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன் மங்களம்."

இது ரங்கசாமியின் பிரம்மாஸ்திரம். முப்பது வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இரண்டு வேலையை விட்டார், கோயில் கமிட்டியிலிருந்து வெளியேறினார், முடிவெட்டும் கடையை மூன்று தடவை மாற்றினார். உப்புப் போட்டுத் தின்கிறவருக்கு ரோஷம் இருக்கும், ரோஷம் இருக்கிறவர் இறங்கி வரமாட்டார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? மங்களம் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் சாமி ஒருத்தர் இருக்கிறாரே. அடுத்த வாரமே பத்து பெரண்டாம் என்ற ஊரில் பேக்டரி சூப்பர்வைசராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ரங்கசாமிக்குத் தலை சுற்றியது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால், பிரெஷர் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, சாப்பாட்டைப் பற்றிப் பேச மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் நளினியிடம் அனுப்பினார். நளினி சின்னப் பெண்தான், ஆனால் கையில் ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பேசினாள்.

"அங்கிள், ஒரு நாளைக்கு இந்தக் கரண்டியில ஒண்ணு. கும்பாரமா இல்ல, தலையைத் தட்டிவிட்டு. அதுக்கு மேல போகக்கூடாது."

"ஒரு வேளைக்கா?"

"மூணு வேளைக்கும் சேர்த்து. கிச்சாப், பிளாச்சான், கருவாடு, ஊறுகாய், பாக்கெட் மீ, முறுக்கு, இதுல இருக்கிற உப்பு எல்லாம் அதுக்குள்ளதான் அடக்கம்."

ரங்கசாமி அந்தக் கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் ஊறுகாய்க்கே பத்தாதும்மா" என்றார்.

மங்களத்தின் மூளையில் அப்போதுதான் அந்த விளக்கு எரிந்தது. முப்பது வருஷமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த வாக்கியம், அதன் சாவி இப்போது ஒரு மிஸ்ஸியின் கையில் இருக்கிறது. அவர் மருந்து வாங்கப் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மிஸ்ஸி, உப்பைக் கொறைச்சா ரோசம் கொறையுமா?"

நளினி எழுதுவதை நிறுத்தினாள். "பிரெஷர் கொறையும் ஆன்ட்டி."

"அது சரி லா. ரோசம்?"

"அதுக்கெல்லாம் இங்க டெஸ்ட் எடுக்கிறதில்ல ஆன்ட்டி. அவருக்கு மட்டும் இல்ல, நீங்களும் கொறைங்க. வீட்டுல எல்லாருக்குமே இதுதான் அளவு."

குறையாது என்று அவள் சொல்லவில்லையே. அது போதும் மங்களத்துக்கு. கடைசியில் சொன்ன புத்திமதி மட்டும் அவள் காதுக்குள் ஏறவில்லை.

மறுநாளே உப்புச் சாடி அரிசிப் பீப்பாய்க்குள் புதைந்தது. ஊறுகாய்ப் போத்தல்கள் எல்லாம் மாயமாயின. புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி, பூண்டு என்று எதை எதையோ போட்டு மங்களம் சமாளித்தாள். முதல் வாரம் வீட்டில் யுத்தம்.

"இது சாம்பாரா, இல்ல மஞ்சத் தண்ணியா? மாரியம்மனுக்கு ஊத்த வேண்டியதை எனக்கு ஊத்துறியா?"

"மிஸ்ஸி சொன்னாங்க."

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. இதை உங்க மிஸ்ஸிக்குச் சொல்லு."

மங்களத்துக்கென்ன, பத்தியம் அவருக்குத்தானே. அவர் கார் முனை திரும்பியதும் அரிசியைத் தோண்டிச் சாடியை வெளியே எடுப்பாள். கருவாடு பொரியும். இறால் வாடையடிக்கும் பிளாச்சான் சம்பல் அம்மியில் அரைபடும். ஒரு மனுஷனின் ரோஷத்தைக் கரைப்பதென்றால் சும்மாவா, உடம்பில் தெம்பு வேண்டாமா என்று ஒரு தட்டுச் சோற்றை உறைக்க உறைக்க, கரிக்கக் கரிக்கச் சாப்பிட்டுவிட்டு, வாசனை போக ஊதுவத்தி கொளுத்தி வைப்பாள்.

மூன்றாவது வாரம் அவருடைய நாக்கு பழகிவிட்டது. சத்தம் நின்றது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து தன் வேனைக் கொண்டுவந்து இவர்கள் கேட்டை அடைத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார். பழைய ரங்கசாமியாக இருந்தால் அன்றைக்குப் போலீஸ் வந்திருக்கும். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், அவரும் எங்கதான் போடுவாரு" என்றார். மங்களம் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இன்னும் உறுதி வேண்டுமே. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கரும்புச் சாற்றுக் கடையில் ஒரு பொடிசு, வரிசையில் அவருக்கு முன்னால் வந்து நுழைந்தது. அவர் ஒதுங்கி நின்று, "தாகமா இருக்கும் பிள்ளைக்கு" என்றார். இரண்டு வாரமாக அவருக்குத் தலைச்சுற்றல் இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்பதையெல்லாம் மங்களம் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாம் உப்பு செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் தம்பி அனுப்பி, அலமாரியில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

ரங்கசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். "வாணிக்கா? அதுக்குள்ள வளந்துட்டாளா. போலாமே" என்றார்.

அவ்வளவுதான். ஆறு வருஷத்துப் பகை மூன்று வாரத்துச் சப்பென்ற சாம்பாரில் கரைந்துபோனது. மங்களம் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடினாள். அன்றைக்குக் குழாயைத் திறக்க மறந்துவிட்டாள், ஆனால் அதைக் கவனிக்க அவரிடம் ரோஷம் இல்லை.

கல்யாணத்தன்று எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அலோர் காஜா கோயில் மண்டபத்தில் புவனேஸ்வரன் வாசலுக்கே வந்து கும்பிட்டான். அவர் பதிலுக்குக் கும்பிட்டார். தாலி கட்டும்போது இரண்டு பேரும் ஜோடியாக நின்று அட்சதை போட்டார்கள். வாணி அத்தையைக் கட்டிக்கொண்டு அழுது கண் மையைக் கலைத்துக்கொண்டாள். மங்களத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழை இலையின் ஓரத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது ஒரு சிட்டிகை உப்பு. அதன் பின்னாலேயே எலுமிச்சை ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம். மூன்று வாரம் பாடுபட்டு வடித்த ரோஷத்தை ஒரே பந்தியில் திரும்ப ஊற்றிவிடுவார்கள் போலிருந்தது. மங்களம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் இலையிலிருந்த உப்பைச் சட்டென்று வழித்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"பிரெஷருங்க."

அடுத்து அவர் ஊறுகாய் இவள் இலைக்கு வந்தது. மோர்மிளகாய் வந்தது. அப்பளம் வந்தது. பரிமாறுகிற பையன் நல்லவன், காலியாக இருக்கிறதே என்று அவருக்கு மறுபடி மறுபடி வைத்தான். அவளும் மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டாள். எடுத்ததை வீணாக்கலாமா? கல்யாண வீட்டுச் சாப்பாட்டை எறிந்தால் பாவம். ஆளுக்கு ஒன்றாக வந்ததெல்லாம் ஒருத்தி வயிற்றுக்குள்ளேயே போனது.

பாயசம் வருகிற நேரத்தில் புவனேஸ்வரன் நண்பர்கள் புடைசூழ வரிசையை விசாரித்துக்கொண்டு வந்தான். லாரிக் கம்பெனி முதலாளி, மகள் கல்யாணம், தலைகால் புரியவில்லை. ரங்கசாமி முன்னால் நின்று, பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சிரித்தான்.

"என்ன மாமா, ஆறு வருசமா எட்டிப் பாக்காம இருந்தீங்க, இப்ப கூப்பிட்ட உடனே ஓடி வந்துட்டீங்க. இப்பல்லாம் சோத்துல உப்புப் போட்டுச் சாப்பிடுறதில்லையா?"

ரங்கசாமி நிமிர்ந்து பார்த்தார். மங்களம் கையைப் பிசைந்தாள். ஆனால் அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"இல்லப்பா. மிஸ்ஸி வேணாம்னுட்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிதான். அதுவும் தலையைத் தட்டிவிட்டு" என்று உள்ளது உள்ளபடி சொன்னார்.

பந்தி முழுக்கச் சிரித்தது. நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். புவனேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் ரங்கசாமியும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் மங்களத்தால் தாங்க முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்துவிட்டாள்.

"அவர் உப்புப் போட்டுத் திங்கல தம்பி. நான் போட்டுத்தான் திங்கிறேன்."

சிரிப்பு அப்படியே நின்றது.

"யாரைப் பாத்து என்ன கேக்குற? அன்னைக்கு உன் வீட்டு விசேசத்துல, யாரோ ஒரு டத்தோவுக்காக அக்கா புருசனைக் காரைத் தூக்குன்னு வெரட்டுன. இன்னைக்குப் பந்தியில உக்கார வெச்சுக் கேலி பண்ற. சீக்கு வந்த மனுசன் உனக்காக இறங்கி வந்திருக்காரு. உன் மக கல்யாணத்துக்கு ஆசீர்வாதம் பண்ண வந்தா இதான் மரியாதையா? வாங்க, போலாம்."

அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பிறந்த வீட்டு உறவுக்காகத்தானே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினோம், அதைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டோமே என்று நினைத்தாள். ஆனாலும் உட்காரவில்லை.

"உக்காரு மங்களம். கல்யாண வீடு" என்றார் ரங்கசாமி. முப்பது வருஷமாக அவள் அவருக்குச் சொல்லிவந்த வார்த்தை அது.

புவனேஸ்வரனின் முகம் செத்துவிட்டது. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவப் போய்விட்டார்கள். அவன் பரிமாறுகிற பையனிடமிருந்து பாயச வாளியைப் பிடுங்கிக்கொண்டு அவர் இலை முன்னால் குனிந்தான்.

"தப்புதான் மாமா. அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு. அக்காவ உக்காரச் சொல்லுங்க."

"இருக்கட்டும்பா. நீ அதை ஊத்து. அதுல உப்பு இருக்காதுல்ல?" என்றார் ரங்கசாமி.

மங்களம் உட்கார்ந்தாள். அவன் அவள் இலையிலும் ஊற்றினான், நிறையவே ஊற்றினான், பாதி இலைக்கு வெளியே ஓடியது. கிளம்பும்போது அவன் கார்வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டு, "தீபாவளிக்கு நாங்க வர்றோம்க்கா" என்றான்.

கார் ஊரைத் தாண்டியது. ரங்கசாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பால் காய்ச்சின அன்னைக்கு நீ பின்னாடியே வருவேன்னு நெனச்சேன் மங்களம். சந்தி விளக்குகிட்ட காரை ஓரம் கட்டிட்டு ரொம்ப நேரம் நின்னேன். வர்றவன் போறவனெல்லாம் ஹாரன் அடிச்சான். கண்ணாடியிலயே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வரல."

ஆறு வருஷமாக அவருக்குத் தன் தம்பிமேல்தான் கோபம் என்று மங்களம் நினைத்துக்கொண்டிருந்தாளே.

"நான் குசினியில வடை சுட்டுக்கிட்டு இருந்தேங்க. எனக்குத் தெரியாதே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, இத்தனை வருசத்துல?"

"எப்படிச் சொல்றது" என்றார் ரங்கசாமி. "ரோசம்."

பந்தியில் விழுங்கிய அத்தனை உப்புக்கும் மங்களத்துக்குத் தொண்டை வறண்டு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பின் சீட்டிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, வழியில் ஆயர் குரோ வருகிறவரைக்கும் மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டே வந்தாள்.