பதினேழாவது பீப்பாய்

"அதைக் கவிழ்த்துடாதீங்க அத்தை!"

ரோகிணி ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே ஓடிவந்தாள். பீப்பாயின் விளிம்பைப் பிடித்திருந்த லலிதா அத்தை திரும்பிப் பார்த்தாள்.

அப்பா தண்டபாணியின் உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. தார்நாகா வீட்டில் குடம், வாளி எல்லாவற்றிலும் இருந்த தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டு, அத்தை கடைசியாகப் பின்பக்க பால்கனிக்கு வந்திருந்தாள்.

"சாவு வீட்ல பழைய தண்ணி ஒரு சொட்டு இருக்கக்கூடாது கண்ணு. அதுலயும் இந்த நாத்தம் வேறயா? நக்கோ, வேணாம்!" முப்பது வருட மல்காஜ்கிரி வாசத்தில் அத்தைக்கு உருது ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி இல்ல அத்தை. அப்பாவோட சோளக் கட்டை."

ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அப்பா ஆராய்ச்சியை விடவில்லை. சுட்ட சோளம் விற்கும் வண்டிகளைச் சுற்றிக் கிடக்கும் கட்டைகளைச் சாக்கில் அள்ளி வருவார். தன் ஆபீஸ் வண்டி வரும் நேரத்தில் அவர் சாக்கோடு எதிரே வந்தால் ரோகிணி தெரியாதவள்போலப் போனைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் கட்டைகளை அரைத்து, வேகவைத்து, புளிக்கவிட்டு எடுக்கும் அமிலத்தில், பெட்ரோல் இல்லாமலே பிளாஸ்டிக் செய்யலாமாம். பதினாறு பீப்பாய்கள் பாதியிலேயே செத்துப்போயின. இது பதினேழாவது.

சுவரில் அவர் கையெழுத்து: 'புளிப்புச் சோதனைத் தாள் சிவந்தால் சுண்ணாம்புக்கல் பொடி போடவும். தாமதித்தால் நுண்ணுயிர்கள் தம் புளிப்பிலேயே செத்துவிடும்.'

நேற்று மதியத்திலிருந்து யாரும் போடவில்லை.

ரோகிணி தாளை நனைத்தாள். நல்ல சிவப்பு. பொடியைக் கொட்டினாள். நுரை பொங்கி அடங்கியது. மறுபடி நனைத்தபோது மஞ்சள்; புளிப்பு இறங்கியிருந்தது.

"பொங்குச்சே! உசுரு இருக்குதா?"

"புளிப்புல பொடி போட்டா எப்பவும் பொங்கும் அத்தை. உசுரு இருந்தா மறுபடி புளிக்கும். சாயந்திரம்தான் தெரியும்."

அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "உள்ள என்னடி, புழுவா?"

"தயிர்ல இருக்கிற மாதிரி கிருமி அத்தை. கண்ணுக்கே தெரியாது."

"பின்னே மணிக்கணக்கா என்னத்தைப் பார்த்துட்டு நின்னாரு எங்கண்ணன்?"

ரோகிணிக்கும் அதுதான் தெரியவில்லை.

சாயந்திரம் தம்பி பிரசன்னா சுடுகாட்டிலிருந்து வந்து தலைமுழுகினான். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. ரோகிணி பின்பக்கம் போனபோது அத்தை ஏற்கெனவே பீப்பாய் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ரோகிணி தாளை நனைத்தாள். மஞ்சள்.

"உசுரு இல்லியா?"

ரோகிணி தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பில் ஆரஞ்சு ஏறியது. பிறகு நடுவிலும்.

"மறுபடி புளிக்குது அத்தை. உசுரு இருக்கு."

"அடுத்த பொடி எத்தனை மணிக்கு?" என்றாள் அத்தை.

"ஒன்பதுக்கு."

அத்தை இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து நீட்டினாள்.

"இதுல அலாரம் வெச்சுக் குடு."