வாக்கர் வீட்டை விசாரித்த கதை

அரியரத்தினம் மகளுக்கு மாப்பிள்ளை தேடவில்லை. மாப்பிள்ளை தானாகவே சிட்னியில் டூங்கபியில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்து, தன் பெயர் லூக் வாக்கர் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனைத்தான் கட்டப்போகிறேன் என்று சயந்தினியும் அறிவித்துவிட்டாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, பிசியோதெரபி வேலை, சொந்தக் கார். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டிய நிலையில் அவள் இல்லை. ஆனாலும் விசாரிக்காமல் ஒரு கலியாணமா? யாழ்ப்பாணத்தான் சந்திரனில் குடியேறினாலும் பக்கத்து வீட்டுக்காரன் யார் எவர் என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியையே திறப்பான்.

ஊரில் அது வெகு சுலபம். மாப்பிள்ளை வீட்டுச் சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தால் போதும். பூட்டன் காலத்துக் காணிச் சண்டைவரைக்கும் கடைக்காரனே கொட்டிவிடுவான். லூக் வீட்டார் இருக்கும் பென்றித்தில் எந்தக் கடையில் போய்ச் சோடா குடிப்பது? லூக்கின் தகப்பன் கிரஹாம் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, தாய் லின் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அதற்குமேல் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. கடைசியில் அரியரத்தினம் பெயரைப் பிடித்துக்கொண்டார். ஸ்மித் என்றால் கொல்லன், பேக்கர் என்றால் பாண் போடுகிறவன், கூப்பர் என்றால் பீப்பா செய்கிறவன். நாங்கள் இதையெல்லாம் மனதுக்குள் வைத்து அவதிப்படுகிறோம், வெள்ளைக்காரன் வங்கிப் புத்தகத்திலேயே போட்டுக்கொண்டு திரிகிறான் என்று மனைவி விமலாதேவியிடம் சொன்னார். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். மனிசனுக்கு ஓய்வூதியம் குடுத்தது பிழை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் நல்லபடியாகப் போனது. வாக்கர் என்றால் அரசனுடைய காட்டை நடந்து மேற்பார்வை செய்த உத்தியோகத்தன் என்று எங்கேயோ வாசித்துவிட்டார். அரியரத்தினம் நில அளவையாளர். ஊரில் ‘சேவையர் ஐயா’. அவரும் ஆயுள் முழுக்கக் காணி நடந்தவர்தானே? பொருத்தமோ பொருத்தம். தமிழ்ச் சனம் நிறைந்த வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டிக்குக் காத்திருந்தபோதே தன் சிநேகிதர் கேதீஸ்வரனிடம், சம்பந்தி வீட்டார் இங்கிலாந்தில் ராச உத்தியோகக் குடும்பம் என்று அளந்துவிட்டார். கேதீஸ்வரனுக்குச் சொன்னால் பிறகு பேப்பரில் விளம்பரம் போடத் தேவையில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கலாம். சேவையர் புத்தி விடவில்லை. எல்லைக் கல்லைத் தொட்டுப் பார்க்காமல் அவர் எந்தப் படத்திலும் கையெழுத்து வைத்தவர் இல்லை. வம்சாவளி தேடும் இணையத்தளம் ஒன்றில் சேர்ந்தார். ரயில் பிடித்துப் போய் நகரத்துப் பெரிய நூலகத்தில் நாலு நாள் குந்தியிருந்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தவரின் முகம் செத்த வீட்டுக்குப் போய்வந்த முகமாக இருந்தது.

விஷயம் இதுதான். காடுமில்லை, அரசனுமில்லை. வட இங்கிலாந்தில் புதிதாக நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போக, நூல் இறுகக் காலால் மிதிப்பார்களாம். நாள் முழுக்கத் துணியில் நடக்கிறவன் வாக்கர். அதே வேலையைத் தெற்கே செய்தவன் ஃபுல்லர், தென்மேற்கே செய்தவன் டக்கர். தொட்டியில் ஊற்றினது வெறும் தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை. வீடு வீடாகச் சேர்த்துப் புளிக்கவைத்த மூத்திரம். இதற்குமேல் ஒரு கொசுறும் இருந்தது. கிரஹாமின் பாட்டனுக்குப் பூட்டன் சாமுவேல் வாக்கர், யோர்க்‌ஷயரில் காயப்போட்டிருந்த துணியைத் திருடி, ஏழு வருசத் தண்டனையில் கப்பலேற்றப்பட்டு, 1831இல் சிட்னியில் வந்து இறங்கியவர். பரமட்டாவில் ஒரு பண்ணையில் மாடாக உழைத்து விடுதலையாகி, பென்றித் பக்கம் போனவர். கிட்டத்தட்ட இருநூறு வருசமாகக் குடும்பம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

திருட்டை அரியரத்தினம் மன்னிக்கத் தயாராக இருந்தார். கள்ளன் எந்தக் குடும்பத்திலும் பிறப்பான். அந்தத் தொட்டியைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. ஊரில் துணி வெளுத்த ஆட்களுக்கு இருந்த பெயரைச் சொல்லி, இவர்கள் அவர்களிலும் கீழ் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்துக்கு அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன்.

விமலாதேவி கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்றிலிருந்து ஒன்பது வருசம் அவள் மெரிலேண்ட்ஸில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்துத் தரம் பார்த்துப் போடவேண்டும். இரத்தம், சத்தி, பீ, மூத்திரம், ஒருநாள் யாரோ ஒரு கிழவரின் பல்லுக்கட்டு. அந்தச் சம்பளத்தில்தான் அரியரத்தினம் இங்கே மறுபடி படித்துச் சேவையர் ஆனார். ஊருக்கு அவர் சொன்னது ‘விமலா ஹொஸ்பிட்டலில வேலை’ என்று. சொந்தக்காரர் எல்லோரும் அவளை நேர்ஸ் என்றே நம்பி, தொலைபேசியில் பிரஷருக்கு மருந்து கேட்டார்கள். அவளும் உப்பைக் குறைக்கச் சொன்னாள். ஒருவரும் சாகவில்லை. மகளுக்கும் இன்றுவரை அதுதான் கதை.

ஞாயிற்றுக்கிழமை கிரஹாமும் லின்னும் நாள் குறிக்கச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அன்றைக்கே அச்சடித்த தாள்களை முன்னால் வைத்து, இது சரிவராது என்று மரியாதையாகச் சொல்லிவிடப் போகிறேன் என்றார் அரியரத்தினம். சாட்சிக்குக் கேதீஸ்வரனையும் கூப்பிட்டுவிட்டார். விமலாதேவி கெஞ்சினாள். அப்பா மாட்டேன் என்றால் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போவேன், பிறகு என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று சயந்தினி தாயிடம் சொல்லிவைத்திருந்தாள். சொன்னால் செய்கிற பிள்ளை அது. ஒரே பிள்ளையும் அதுதான். ஞாயிறுவரைக்கும் விமலாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு வழக்கம்போல இறங்கியது.

ஞாயிறு வந்தது. லூக்கும் தாய் தகப்பனோடு வந்தான். நண்டுக் கறிக்குக் கிரஹாமுக்கு மூக்கு ஒழுகியது. ஆனாலும் மனிசன் இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டார். லின் இடியப்பத்தை எப்படிப் பிழிவது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கை கழுவியதும் அரியரத்தினம் தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, கந்தோரில் அறிக்கை வாசிக்கிற இங்கிலீஷில் வாசித்தார். தொட்டி, மூத்திரம், களவு, கப்பல், ஒன்றையும் விடவில்லை.

கிரஹாமுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானத்தில் என்று நினைத்துக் கேதீஸ்வரன் தலையைக் குனிந்தார். பார்த்தால், மனிசன் சந்தோசத்தில் அழுகிறார். குடும்பத்தில் ஒரு கைதியாவது இருக்கமாட்டானா என்று முப்பது வருசமாகத் தேடியும் அகப்படவில்லையாம். இந்த நாட்டில் அந்தக் காலத்துக் கப்பல்களில் விலங்கோடு வந்தவன்தான் பரம்பரைக்காரன் என்பது அரியரத்தினத்துக்கு யாரும் சொல்லித் தராத பாடம். கிரஹாம் எழும்பி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். லின் இன்னும் நாலு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். மூத்திரக் கதையைத்தான் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்ல மிகவும் விரும்புவார்கள் என்றாள்.

அரியரத்தினம் கட்டிப்பிடித்த கையை மெல்ல விலக்கினார். பிறகு எழுந்து நின்று, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார், எங்கள் சமூகத்தில் இப்படிப்பட்ட குடும்பத்தோடு கலப்பதில்லை என்று.

கிரஹாம் தாளை மடிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். லூக் தகப்பனின் தோளில் கை வைத்தான். சயந்தினி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, கைப்பையைத் தூக்கினாள்.

அப்போதுதான் விமலாதேவி வாயைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கிரஹாமைப் பார்த்து, ஒன்பது வருசம் தான் எங்கே என்ன வேலை செய்தாள் என்று சொன்னாள். மூட்டையில் என்னென்ன வந்தது என்பதையும் சொன்னாள். கிழவரின் பல்லுக்கட்டைக்கூட விடவில்லை. உங்கள் ஆட்கள் காலால் செய்தார்கள், நான் கையால் செய்தேன், வேறு வித்தியாசம் இல்லை என்றாள். கேதீஸ்வரன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ. உத்தியோகத்துக்குப் பேர் வைக்கிறதெண்டால் நானும் வாக்கர்தான். உங்கடை அப்பா ஊரிலை வெளுக்கிற ஆக்களைப் படலைக்கு வெளியாலை நிப்பாட்டித்தான் துணி போட்டவர். நான் எங்கை நிக்கிறது எண்டு சொல்லுங்கோ. உள்ளுக்கோ, வெளியாலையோ?”

அரியரத்தினம் கையில் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு கேதீஸ்வரனைப் பார்த்தார். கேதீஸ்வரன் இருக்கிறார், நாளைக்கு வென்ட்வேர்த்வில் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அதை நினைத்தபோது தன் மேலேயே வெறுப்பும் வந்திருக்கவேண்டும். கலியாணம் கட்டிய இத்தனை வருசத்தில் அவள் அவரிடம் நேராகக் கேட்ட ஒரே கேள்வி அது.

“உள்ளுக்குத்தான்” என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

“அப்ப அவையளும் உள்ளுக்குத்தான். நாளைக் குறியுங்கோ.”

வட்டிலப்பம் எடுக்கிற சாட்டில் அவள் குசினிக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். பின்னால் சயந்தினி வந்து நின்றது தெரிந்தது. பிள்ளை வழக்கமாக இங்கிலீஷில்தான் பேசும். இப்போது தமிழில் கேட்டது, ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை என்று. அப்பாதான் சொல்லவேண்டாம் என்றவர், அவரைப் பேசு என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல விமலாதேவிக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் பாதி உண்மையாகவும் இருந்திருக்கும்.

“நானும் வெக்கப்பட்டனான், பிள்ளை” என்றாள்.

சயந்தினி கையை நீட்டிக் குழாயை மூடினாள்.