கூரியர் ஆபீஸ் பெட்டி

கம்பெனியில் அவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ், கூரியர் ஆபீஸ் என்று ஏறி இறங்கி, காலம் முடிந்த ரகசியக் காகிதங்களைப் பூட்டிய பெட்டிகளோடு வேனில் ஏற்றிவந்து, அவற்றைப் பொடியாக்கும் அரவை மெஷினில் ஒப்படைப்பது அவர் வேலை. தலைகீழாக நின்றாலும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. வேலைக்கு அது அழகுதான். வீட்டிலும் அப்படியே இருந்தார் பாருங்கள், அதுதான் வினை.

மனைவிக்கு வந்த நோய் என்ன என்று அவருக்குத் தெரியும். மகளிடம் சொல்லவேண்டாம் என்று மனைவி கேட்டுக்கொண்டாள். அவர் மூச்சு விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "தெரிஞ்சிருந்தா பக்கத்துலயே இருந்திருப்பேனே அப்பா" என்று மகள் அழுதாள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. அவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாள். தனிமை அவரைத் தின்றது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. பெயர் எழுதிய எதுவும் முழுசாகக் குப்பைக்குப் போகக் கூடாது அவருக்கு. காய்கறிக் கடை ரசீதைக்கூட விட்டுவைக்காத மனுஷர். கம்பெனி கழித்துப்போட்ட சின்ன அரவை மெஷின் ஒன்று சமையலறை மூலையில் இருந்தது. வழக்கம்போல மேலே ஒட்டியிருந்த சீட்டை முதலில் உரித்து, படித்துக்கூடப் பார்க்காமல் அதில் விட்டார். அப்புறம்தான் பார்சலைப் பிரித்தார்.

உள்ளே ஒரு ஸ்வெட்டர். போட்டுப் பார்த்தார், தொளதொளவென்று இருந்தது. மகள் நினைவில் இருந்த அப்பா இன்னும் கொஞ்சம் சதைப்பிடிப்பானவர். ஸ்வெட்டரின் பையில் கை விட்டபோது ஒரு துண்டுக் காகிதம் அகப்பட்டது.

"அப்பா, பேசணும்னு தோணினா கூப்பிடுங்க. நம்பர் பார்சல் மேலேயே இருக்கு. இந்த மாசம் முழுக்கப் பார்ப்பேன். கூப்பிடலேன்னா இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்."

மெஷினின் தொட்டியைத் திறந்தார். எல்லாம் பொடி. 'கடவுளே வந்தாலும் ஒட்டவைக்க முடியாதுங்க' என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பவர் அவர்தான். மூடிவிட்டார்.

கூரியர் ஆபீஸுக்கு ஓடினார். கவுண்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"அனுப்பினவங்க நம்பரைக் கொடுக்கக் கூடாது சார். நீங்கதானே எங்களுக்கு இந்த ரூலெல்லாம் சொல்லிக்கொடுத்தீங்க? நம்பர் எழுதின ஸ்லிப்பும் அரைக்கிற பெட்டிக்குள்ள போயிடுச்சு. வெள்ளிக்கிழமை நீங்களே வந்து எடுப்பீங்களே."

வெள்ளிக்கிழமை அவரே போய் எடுத்தார். சீல் வைத்த அந்தப் பெட்டி வழியெல்லாம் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. சீலை உடைக்க அவருக்குக் கை வராது. ஆனால் முறையான வழி ஒன்று இருந்தது. தவறி உள்ளே போனது ஏதாவது வேண்டும் என்றால் மெஷின்காரம்மாவிடம் சொல்லவேண்டும். கொடுத்தவர்களிடம் போனில் கேட்டு, சரி என்றால் இரண்டு பேர் முன்னிலையில் திறப்பார்கள். ஒரு டாக்டரின் மூக்குக்கண்ணாடியை அப்படித்தான் மீட்டார்கள்.

பெட்டியை இறக்கியவர் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னண்ணா, உள்ளே ஏதாவது விழுந்துடுச்சா? சொல்லுங்க, போன் போட்டுக் கேட்டுத் திறந்துடலாம்" என்றாள் மெஷின்காரம்மா.

ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் யார் நம்பர் என்பாள். மகள் நம்பர் உங்களிடம் எப்படி இல்லாமல் போச்சு என்பாள். ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்பாள். பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. போடு."

மெஷின் ஓடி முடிந்தது. அரைத்தாயிற்று என்ற ரசீதில், மெஷின்காரம்மாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். காலிப் பெட்டியை வேனில் ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"உள்ளே என் பொண்ணு நம்பர் இருக்கும்மா. கொஞ்சம் திறந்து பார்க்கணும்" என்றார்.

தடுமாறாமல், தெளிவாக வந்தது. வேனுக்குள் வேறு யாரும் இல்லை.