மேல் அடுக்கு

ஆக்சிலியாவின் போனில் ஒரு ஆப் இருந்தது. அது ஒவ்வோர் அட்டையாகக் காட்டிக் கேள்வி கேட்கும். மனசுக்குள் பதில் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்து, "மறந்தது", "கஷ்டம்", "சுலபம்" மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். மறந்தது என்றால் கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கேள்வி திரும்ப வந்து நிற்கும். சுலபம் என்றால் வாரக்கணக்கில் தலைகாட்டாது. பொய் சொன்னாலும் அப்படியே நம்பிவிடும். அதற்கென்ன, பரீட்சை எழுதப்போவது அதுவா?

பரீட்சை, அரசாங்க நர்ஸ் வேலைக்கு. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கால் கடுக்க நின்று சலித்துப்போனவள் ஆக்சிலியா. ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டிருந்தாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா புத்தகத்த மூட்ட கட்டிட்டு உங்ககூட தோட்டத்துக்கே வந்துடறேங்க" என்று கணவன் மரிய ஆனந்திடம் அவளே சொல்லியிருந்தாள்.

மரிய ஆனந்த் நல்லவன்தான், ஆனால் ஆள் ஒரே பரபரப்பு. தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவன் கைகால்கூடக் கழுவாமல், "இன்னிக்கு முடிஞ்சுதா?" என்பான். மீதி அட்டைகளின் எண்ணிக்கை திரையில் சிவப்பாக நிற்கும். அதைப் பார்த்தால் அவன் முகம் சுண்டிப்போகும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அரைகுறையாகத் தெரிந்ததற்கெல்லாம் அவள் "சுலபம்" அழுத்த ஆரம்பித்தாள். எண்ணிக்கை மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. "முடிஞ்சுதுங்க!" என்பாள். அவனுக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம்.

அவளுக்கு லீவு கிடைத்த ஒரு நாள், விடியக்காலையில் இருவரும் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போனார்கள். முந்தின சாயங்காலம் பெட்டி அடுக்கியவள் அவள்தான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவன் பின்னாலேயே நின்று விரட்டியதில், வெடித்தது, வெம்பியது எல்லாவற்றையும் அடியில் தள்ளி, மேல் அடுக்கை மட்டும் பளபளவென்று வைத்திருந்தாள். மண்டிக்காரர் ராஜப்பன் ஒரு பெட்டியைத் தூக்கி, விரித்திருந்த சாக்கின்மேல் அப்படியே கவிழ்த்தார். அடியில் இருந்ததெல்லாம் மேலே வந்து பல்லை இளித்தது.

"ஏப்பா ஆனந்து, மேலடுக்க மட்டும் பாத்து வெல போடறதுக்கு நான் என்ன நேத்து மண்டிக்கு வந்தவனா?"

பக்கத்துப் பெட்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரிய ஆனந்துக்கு மானமே போயிற்று.

திரும்பும்போது அவன் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். டீ வந்ததும் கையை நீட்டினான்.

"உன் போனக் குடு. அதையும் கவுத்துப் பாத்துடலாம்."

பதிலை முதலில் படித்துவிட்டு, கேள்வி என்ன என்று கேட்டான்.

"புரோட்டமின். இது எந்த மருந்துக்கு முறிவு மருந்து?"

நேராகக் கேட்டிருந்தால் ஒப்பித்திருப்பாள். தலைகீழாகக் கேட்டதும் தடுமாறினாள். "வார்ஃபரினுக்கு..."

"ஹெப்பாரின்னு போட்டிருக்குது."

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு.

"தெனமும் முடிஞ்சுது, முடிஞ்சுதுன்னு சொன்னியேடி!"

ஆக்சிலியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நான் செஞ்சது தப்புதாங்க. ஆண்டவரே, வார்டுல இப்படி மாத்தி எடுத்தா ஒரு உசுரே போயிடும். ஆனா நீங்க தெனமும் முடிஞ்சுதான்னுதான கேட்டீங்க? தெரிஞ்சுதான்னு ஒரு நாளு கேட்டிருப்பீங்களா?"

மரிய ஆனந்த் டம்ளரைக் கீழே வைத்தான். "பொட்டி அடுக்கறப்பவும் அப்படித்தான் வெரட்டுனேன்" என்றான் மெதுவாக.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அத்தனை அட்டைகளையும் முதலிலிருந்து கேட்கும்படி மாற்றினாள். சிவப்பு எண் குப்பென்று ஏறியது. பரீட்சையோ அடுத்த வாரம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சாயங்காலம் அவன் தோட்டத்திலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு அவள் எதிரே நின்றான். பழைய கேள்வி வாய்வரை வந்ததை அவள் பார்த்தாள். அவன் அதை விழுங்கிக்கொண்டான்.

"இன்னிக்கு எதெல்லாம் தெரியல?"

படித்த காலத்திலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது. பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.

"நெறைய இருக்குதுங்க" என்றாள். "உக்காருங்க."